ஆண்டுக்கு 28 ரூபாய் வாடகை: சென்னை விக்டோரியா ஹாலின் கதை

சென்னை சென்ட்ரலை விட்டு வெளியே வந்து ரிப்பன் மாளிகைப் பக்கம் நடந்தால், நடுவில் செங்கல் நிறத்தில் ஒரு மாடிக் கட்டடம் நிற்கும். ஒரு மூலையில் சதுரக் கோபுரம், அதன்மேல் கேரளத்து வீட்டுக் கூரைபோல் கூம்பிய ஒரு தொப்பி. தினமும் அதைக் கடந்துபோகிற பலருக்கு அது ஏதோ ரயில்வே ஆபீஸ். அதுதான் விக்டோரியா பப்ளிக் ஹால். பழைய சென்னைக்காரர்களுக்கு டவுன் ஹால், வி.பி. ஹால். டிக்கெட் வாங்கிக்கொண்டு உட்கார்ந்து, சில மணி நேரத்துக்குள் முடிகிற, பாட்டைவிட வசனத்தை நம்புகிற தமிழ் நாடகம் வளர்ந்தது பெருமளவும் இந்தக் கட்டடத்தில்தான்.

இப்படிப்பட்ட ஒரு மண்டபம் எப்படிப் பாழாகும்? மழை, வெயில், வயது என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். சுண்ணாம்பும் செங்கல்லும் 130 வருஷத்தைத் தாங்காத பொருள்கள் இல்லை. தஞ்சாவூர் அரண்மனை நிற்கிறது, செட்டிநாட்டு வீடுகள் நிற்கின்றன. விக்டோரியா ஹாலைச் சாய்த்ததில் பெரிய பங்கு ஒரு குத்தகைப் பத்திரத்துக்கு உண்டு என்பது என் கருத்து. அதனால் அதன் சீரமைப்பைப் பற்றிப் பேசும்போதும் கொத்து வேலையோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது.

ஊர் கூடி எழுப்பிய மண்டபம்

1880-களின் மெட்ராஸில் ஆளுநருக்கு விருந்து மண்டபம் இருந்தது, ஆங்கிலேயர்களுக்கு கிளப்புகள் இருந்தன. ஊர்ப் பெரிய மனிதர்கள் ஒரு பொதுக்கூட்டம் போட வேண்டுமென்றால் பச்சையப்பன் மண்டபம் மாதிரி ஓரிரண்டு இடங்களைத்தான் நம்ப வேண்டும். ஊருக்கென்று ஒரு டவுன் ஹால் வேண்டும் என்று 1882-ல் நகரப் பிரமுகர்கள் கூடிப் பேசிக் குழு அமைத்தார்கள். சமஸ்தானாதிபதிகளும் வணிகர்களும் பணம் கொடுத்தார்கள். அவர்களில் முக்கியமானவர் விஜயநகரம் மகாராஜா ஆனந்த கஜபதி. 1883 டிசம்பரில் அடிக்கல் நாட்டியவரும் அவரே. விக்டோரியா மகாராணி ஆட்சிக்கு வந்த பொன்விழா 1887-ல் வந்தது. அதையொட்டி மண்டபத்துக்கு அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. ஆனால் கட்டிய பணம் ஊர்க்காரர்களுடையது. ஏதோ வெள்ளைக்காரன் கட்டிவிட்டுப்போன கட்டடம் என்று இதைத் தள்ளிவிடுகிறவர்களுக்கு இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

இடம் பீப்பிள்ஸ் பார்க்கில் கிடைத்தது. ஆளுநர் டிரெவெல்யன் காலத்தில் உருவான அந்தப் பூங்கா நூறு ஏக்கருக்கு மேல் விரிந்து கிடந்தது. குளங்கள், மிருகக்காட்சி சாலை எல்லாம் அதற்குள்ளேயே. அதிலிருந்து 57 கிரவுண்டு நிலத்தை நகராட்சி 1886 ஏப்ரலில் மண்டப அறக்கட்டளைக்கு 99 வருஷக் குத்தகைக்கு விட்டது. வாடகை கிரவுண்டுக்கு எட்டணா. கணக்குப் போட்டால் ஆண்டுக்கு 28 ரூபாய் சொச்சம். ஊர்ப் பொதுக்காரியம் என்பதால் கிடைத்த சலுகை அது. இந்தத் தொகையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரை இதற்குத் திரும்பவும் வரும்.

வரைபடம் ராபர்ட் ஃபெலோஸ் சிஸம் போட்டது. மாநிலக் கல்லூரி, செனட் ஹவுஸ், திருவனந்தபுரத்து நேப்பியர் மியூசியம் எல்லாம் அவர் கைவண்ணம். சிஸம் மற்ற ஆங்கிலேயப் பொறியாளர்களிலிருந்து விலகி நிற்கிற ஒரு விஷயம் உண்டு. இந்திய பாணி என்றால் முகலாயக் குவிமாடம் என்று பலரும் முடித்துக்கொண்ட காலத்தில், அவர் திருவிதாங்கூரின் மரக் கட்டடங்களை உட்கார்ந்து படித்தார். கேரளத்து மழைக்கென்று உருவான செங்குத்தான கூரை அவர் கட்டடங்களில் திரும்பத் திரும்ப வரும். விக்டோரியா ஹாலின் கோபுரத் தொப்பி அந்தப் பழக்கத்தின் விளைவு. கீழே கொரிந்தியப் பாணித் தலையுள்ள மணற்கல் தூண்கள், சுற்றிலும் வளைவுத் தாழ்வாரங்கள், கூரை விளிம்பில் சுடுமண் வேலைப்பாடு, எல்லாவற்றுக்கும் மேலே கேரளம். எழுத்தில் படித்தால் பொருந்தாத சேர்க்கையாகத் தோன்றும். நேரில் நின்று பார்த்தால் பொருந்திவிடுகிறது.

1888-க்கும் 1890-க்கும் இடையில் இதைக் கட்டி முடித்தவர் தாட்டிகொண்ட நம்பெருமாள் செட்டியார். அன்றைய மெட்ராஸின் செங்கல் நிறப் பெரிய கட்டடங்கள் பலவற்றுக்கு ஒப்பந்தக்காரர் அவர்தான். (கணிதமேதை ராமானுஜன் கடைசி நாள்களைக் கழித்த சேத்துப்பட்டு வீடும் நம்பெருமாள் செட்டியாருடையதே. அவரைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.) தரைத்தளத்தில் சுமார் 600 பேர், மாடியில் 600 பேர், மாடி மண்டபத்தின் கிழக்குப் பக்கம் ஒரு மர கேலரியில் இன்னும் 200 பேர் உட்காரலாம் என்பது கணக்கு.

மாடியில் வந்த நாடகம்

இது நாடகக் கொட்டகையாகத் திட்டமிட்ட கட்டடம் இல்லை. கூட்டம் போடுவதற்கான மண்டபம். விவேகானந்தர் மேல்நாட்டிலிருந்து திரும்பிய கையோடு 1897 பிப்ரவரியில் தன் செயல்திட்டத்தை விளக்கிப் பேசியது இங்கேதான். நகரும் படம் என்ற புதுமையை மெட்ராஸ் முதன்முதலில் பார்த்த இடங்களில் இதுவும் ஒன்று. 1890-களின் பிற்பகுதியில் இங்கே குறும்படங்களைத் திரையிட்டார்கள். நீதிக்கட்சி உருவான வரலாற்றைப் புரட்டினாலும் இந்த மண்டபத்தின் பெயர் வரும்.

ஆனாலும் இதன் உயிர் நாடகம்தான். 1891-ல் பெல்லாரியிலிருந்து சரச வினோதினி சபை வந்து இங்கே தெலுங்கு நாடகங்கள் போட்டது. அதன் தலைவர் கிருஷ்ணமாச்சாரியார் ஒரு வக்கீல். கூட நடித்தவர்களும் படித்தவர்கள், உத்தியோகத்தில் இருந்தவர்கள். பார்வையாளர்களில் ஒருவர் பதினெட்டு வயதுக் கல்லூரி மாணவர் பம்மல் சம்பந்த முதலியார். அதுவரை தமிழ் நாடகம் என்றாலே அவருக்கு ஆகாது. இராத்திரி முழுக்க நடக்கும், பாட்டுக்கு நடுவில் கதையைத் தேட வேண்டும், நடிகர்களுக்கு ஊரில் மதிப்புக் கிடையாது. பெல்லாரிக்காரர்களைப் பார்த்த பிறகு, படித்தவர்கள் மேடை ஏறலாம், ஏறினால் மரியாதை குறையாது என்று அவருக்குப் பட்டது. அதே ஆண்டு ஜூலை 1-ம் தேதி நண்பர்களோடு சேர்ந்து சுகுண விலாச சபையைத் தொடங்கிவிட்டார்.

சபை 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விக்டோரியா ஹாலிலேயே குடியேறி, 1930-களின் நடுப்பகுதி வரை அங்கேயே இருந்தது. ஒத்திகை, நூலகம், உறுப்பினர் கூட்டம், அரங்கேற்றம் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. நிரந்தர இடம் இருந்தால் ஒரு நாடகக் குழுவுக்கு என்னவெல்லாம் வாய்க்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தமிழில் இல்லை. சம்பந்த முதலியார் எழுதிக் குவித்தார். வசனத்துக்கு முதலிடம் தந்தார், நேரத்தைக் கட்டுக்குள் கொண்டுவந்தார், ஷேக்ஸ்பியரைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். அவரே பின்னாளில் நீதிபதியும் ஆனார். சத்தியமூர்த்தி போன்ற அரசியல் தலைவர்களும் சபையின் மேடையில் வேஷம் கட்டினார்கள். பெண் வேஷத்தை ஆண்களே கட்டிய காலம் அது. ரங்கவடிவேலு என்ற நடிகர் அதில் பெயர்பெற்றவர். சம்பந்த முதலியார் நாயகன் என்றால் நாயகி பெரும்பாலும் ரங்கவடிவேலுதான்.

இதன் அலை கடல் தாண்டியும் போனது. 1911-ல் சபை இலங்கைக்குப் போய் நாடகம் போட்டது. அங்கே படித்த இளைஞர்கள் இதே மாதிரியில் சபாக்கள் தொடங்கினார்கள். ஈழத்து நாடக முன்னோடி கலையரசு சொர்ணலிங்கம், சம்பந்த முதலியாரையே தன் குருவாகக் கொண்டார்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். விக்டோரியா ஹால் எல்லோருடைய மேடையாகவும் இருக்கவில்லை. கூப்பிடு தூரத்தில், வால்டாக்ஸ் ரோட்டில் ஒற்றைவாடைக் கொட்டகை இருந்தது. நாடகத்தையே பிழைப்பாகக் கொண்ட கம்பெனிகளும், உழைக்கிற மக்கள் கூட்டமும் அங்கே. வக்கீலும் உத்தியோகஸ்தரும் மாலையில் வந்து நடித்த அமெச்சூர் நாடகம் இங்கே. தமிழ் நாடக வரலாற்றுக்கு இரண்டும் வேண்டும். ஒற்றைவாடை போன சுவடு தெரியவில்லை. மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான். பொறுப்பு கூடுவதற்கு இதுவும் காரணம்.

சிதைவு எங்கே தொடங்கியது

1931-ல் தமிழ் பேசும் படம் வந்தது. சுகுண விலாச சபை மவுண்ட் ரோட்டில் சொந்த இடத்துக்குப் போனது. நாடகம், கச்சேரி பார்க்கிற கூட்டம் மெல்ல மயிலாப்பூர், தியாகராய நகர்ப் பக்கம் நகர்ந்தது. புதிய சபா அரங்குகளும் அந்தப் பக்கமே எழுந்தன. சென்ட்ரல் வாசலில், ரயில் சத்தத்துக்கும் பஸ் ஹாரனுக்கும் நடுவில் இருந்த மண்டபத்துக்கு வாடகைக்கு வர ஆள் குறைந்துபோனது.

இங்கேதான் அந்த 28 ரூபாய் வருகிறது. நிலத்துக்குக் கிட்டத்தட்ட வாடகையே இல்லை. நகரம் வளர வளர அந்த நிலத்தின் மதிப்போ எங்கேயோ போய்விட்டது. கட்டடத்தின் வருமானம் சரிந்தது, சுற்றியிருந்த மண்ணின் வருமானம் ஏறியது. வளாகத்தின் ஓரங்களில் கடைகள், ஓட்டல், பெட்ரோல் பங்க் என்று முளைத்தன. நடுவில் இருந்த மண்டபம் அவற்றுக்கு இடைஞ்சல் மாதிரி ஆனது. குத்தகை முடியப்போகிற சொத்தில் கூரையைப் பிரித்து மேய யார் பணம் போடுவார்கள்? நிலத்தின் சொந்தக்காரரான மாநகராட்சியோ, குத்தகை இருக்கும்வரை தன் வேலை இல்லை என்று இருந்தது. பராமரிக்கிற கடமையும், அதற்கான பணமும், அதைக் கேட்கிற அதிகாரமும் மூன்று திசையில் போனால் எந்தக் கட்டடமும் தாங்காது.

99 வருஷம் 1985 மார்ச்சோடு முடிந்தது. அந்த ஆண்டு பீப்பிள்ஸ் பார்க்குக்கே பொல்லாத ஆண்டு. மே மாதம் பக்கத்திலிருந்த மூர் மார்க்கெட் எரிந்து சாம்பலானது. மிருகக்காட்சி சாலை வண்டலூருக்குப் போய்விட்டது. பூங்காவில் மக்கள் வந்து கூடுவதற்கு இருந்த காரணங்கள் ஒரே ஆண்டில் போனபோது, நடுவில் இருந்த மண்டபமும் வழக்குக்குள் விழுந்தது. குத்தகை முடிந்தும் இடம் கைக்கு வரவில்லை. மாநகராட்சி நீதிமன்றம் ஏறி, ஆக்கிரமிப்புகளை அகற்றி, இடத்தை முழுதாக மீட்பதற்குள் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டது. இந்த இடைவெளிதான் கட்டடத்துக்குப் பெரிய சேதம். யாருடையது என்று தெரியாத வீட்டில் ஒழுகும் ஓட்டை யாரும் மாற்றுவதில்லை.

2010 வாக்கில் சீரமைப்பு தொடங்கியது. அப்புறம் மெட்ரோ ரயில் வந்தது. சென்ட்ரல் மெட்ரோ நிலையத்துக்காக மண்டபத்தின் வாசலையொட்டியே பூமியைக் குடைந்தார்கள். பக்கத்தில் அவ்வளவு ஆழத்துக்கு மண்ணை எடுக்கும்போது பழைய கட்டடத்தில் நுணுக்கமான வேலை செய்ய முடியாது. இன்று பூசிய சுவர் நாளை அசையலாம். வேலை நின்றது. தகரத் தடுப்புக்குப் பின்னால் மண்டபம் மறுபடி வருஷக்கணக்கில் காத்துக் கிடந்தது.

சுண்ணாம்பு மூச்சு விட வேண்டும்

சிங்காரச் சென்னை 2.0 திட்டத்தின்கீழ் 32.62 கோடி ரூபாயில் மாநகராட்சி மறுபடி கையில் எடுத்தது 2023-ல். ஒரு பழைய மண்டபத்துக்கு இவ்வளவா என்று கேட்கிறவர்கள் உண்டு. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமானால், இந்த மாதிரிக் கட்டடத்தில் வேலை எப்படி நடக்க வேண்டும் என்பதைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும்.

முதலில் சிமென்ட். 19-ம் நூற்றாண்டுச் சுவர் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். சுண்ணாம்பு ஈரத்தை உள்ளே வாங்கும், வெயிலில் வெளியே விடும். கடற்கரை ஊரில் இந்த வாங்கலும் விடலும் தினசரி நடக்கிற காரியம். அதன்மேல் பின்னாளில் யாராவது சிமென்ட் பூசிவிட்டால் ஈரம் வெளியே போக வழியில்லாமல் செங்கல்லுக்குள் தங்கும். கூடவே உப்பும் தங்கும். ஈரம் காயும்போது உப்பு உறைந்து, செங்கல்லை உள்ளிருந்தே பொடிப்பொடியாக்கும். வெளியே பார்த்தால் சிமென்ட் பூச்சு கல் மாதிரி நிற்கும். தட்டினால் கொடகொடவென்று சத்தம் வரும், பின்னால் செங்கல் மாவாகக் கிடக்கும். பெயின்ட் பூச்சும் இதே வேலையைத்தான் செய்கிறது. அதனால் பழைய கட்டடச் சீரமைப்பில் பாதி வேலை, முன்னால் ‘ரிப்பேர்’ என்ற பெயரில் செய்ததை நோகாமல் உரித்தெடுப்பது. உளியை ஓங்கி அடித்தால் சிமென்ட்டோடு செங்கல் முகமும் பெயர்ந்து வந்துவிடும். மணலைப் பீய்ச்சிச் சுத்தம் செய்தாலும் செங்கல்லின் சுட்ட மேல்தோல் போய்விடும். கையால், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எடுக்க வேண்டும்.

அடுத்து செடி. சென்னையில் கைவிட்ட கட்டடம் எதுவானாலும் கைப்பிடிச் சுவரில் ஓர் அரசங்கன்று இருக்கும். பறவை போட்ட விதை. மேலே நான்கு இலைதான் தெரியும், வேர் சாந்து மூட்டுகளைத் தேடிப்பிடித்து உள்ளே எத்தனையோ அடி போயிருக்கும். வெட்டினால் இரண்டு மடங்கு துளிர்க்கும், இழுத்தால் செங்கல்லோடு வரும். முதலில் மருந்து வைத்து வேரைச் சாகடிக்க வேண்டும், பிறகு அந்த இடத்துச் செங்கல்லை ஒவ்வொன்றாக எடுத்து, வேரை நீக்கி, திரும்ப அடுக்க வேண்டும். நான்கு இலைக்குச் சில நாள் வேலை.

பிறகு புதுச் சாந்து. சுண்ணாம்பை நீற்றி, தொட்டியில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, மணலும் செங்கல் தூளும் சேர்த்து அரைக்க வேண்டும். கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் சேர்ப்பது நம் ஊர்க் கொத்தனார்கள் தலைமுறையாகச் செய்கிற முறை. சாந்து குழைவாக வரும், இறுகும்போது வெடிக்காது. சிமென்ட் ஒரு நாளில் பிடித்துவிடும். சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை மெல்ல இழுத்துத் திரும்பக் கல்லாகிறது. ஒரு கை பூசி, ஈரம் காக்க வைத்து, அது இறுகிய பிறகே அடுத்த கை. ஒப்பந்தத் தேதி நெருங்குகிறது என்று அவசரப்படுத்த முடியாத பொருள் இது. அப்புறம், இந்த வேலை தெரிந்த கைகள் எத்தனை இருக்கின்றன? செட்டிநாட்டுப் பக்கமும் கோயில் திருப்பணிகளிலும் மிஞ்சியிருக்கிறவர்கள் கொஞ்சம் பேர். இப்படி ஒரு பெரிய வேலை நடந்தால் இளம் கொத்தனார்கள் நாலு பேராவது பக்கத்தில் நின்று கற்றுக்கொள்வார்கள். 32 கோடியில் அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பேன்.

மாடிக்கு எப்படி ஏறுவது

கட்டடத்தைப் பழையபடி நிறுத்துவது ஒரு பாடு. அதில் இன்றைக்கு நாடகம் போட முடியுமா என்பது தனிப் பாடு.

பழைய மண்டபத்துக்குக் காற்று ஜன்னல் வழியாக வந்தது. இன்று ஜன்னலைத் திறந்தால் பெரியார் சாலை முழுவதும் உள்ளே வந்துவிடும். மூடினால் ஏசி வேண்டும். ஏசிக்குக் குழாய் வேண்டும், அதைக் கூரை வேலைப்பாட்டில் துளை போடாமல் கொண்டுபோக வேண்டும். மேடை விளக்குகள் இழுக்கிற மின்சாரத்துக்கு ஏற்ற வயரிங், மரத் தளமும் மர கேலரியும் உள்ள இடத்துக்கேற்ற தீத்தடுப்பு, நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் இறங்குவதற்கான படிகள், கழிப்பறை. பெரிய அரங்கு மாடியில் இருப்பதால் முதியவர்களுக்கும் சக்கர நாற்காலிக்காரர்களுக்கும் லிஃப்ட் கட்டாயம். செட் சாமான்களை ஏற்ற ஒரு வழி வேண்டும். லாரியில் வந்த பலகையை வளைந்த படிக்கட்டில் தோளில் தூக்கிப்போனால் எத்தனை குழு இரண்டாம் தடவை வரும்? ஒப்பனை அறை, ஒத்திகைக்கு ஒரு கூடம். இதையெல்லாம் ஆரம்பத்திலேயே நாடகக்காரர்களைக் கூப்பிட்டுக் கேட்டுச் செய்தால் நல்லது. திறந்த பிறகு கேட்டால் சுவரை மறுபடி உடைக்க வேண்டிவரும்.

எழும்பூர் மியூசியம் தியேட்டரைப் பாருங்கள். 1890-களில் எழுந்த அரங்கு, அதுவும் முதலில் சொற்பொழிவுகளுக்கு என்று கட்டியது. வசதிகள் குறைவு, ஆனால் தொடர்ந்து யாராவது நாடகம் போட்டுக்கொண்டே இருந்தார்கள், அதனால் யாராவது அதைக் கவனித்துக்கொண்டும் இருந்தார்கள். விக்டோரியா ஹாலுக்கும் அந்த அரங்குக்கும் வயது வித்தியாசம் பத்து வருஷத்துக்குள்தான்.

விக்டோரியா ஹாலில் ஓர் அருங்காட்சியகம் வைக்கலாம், கருத்தரங்கு நடத்தலாம், அதில் தப்பில்லை. ஆனால் கண்ணாடிப் பெட்டிக்குள் பழைய நாடக நோட்டீஸை வைத்துவிட்டு, மேடையைப் பெரிய நிறுவனங்களின் விழாக்களுக்கு மட்டும் கட்டுப்படியாகிற வாடகைக்கு விட்டால், நாடகக் குழுக்கள் வாசலோடு நிற்கும். சென்னையில் இன்று தமிழ் நாடகம் போடுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள்: ஒரு மாலை அரங்க வாடகைக்கே வசூல் போய்விடும், ஒத்திகை யாருடைய மொட்டைமாடியிலோ நடக்கும். அறுபது எழுபது பேர் வருகிற புது நாடகத்துக்கு இந்த ஊரில் நிரந்தர இடம் இல்லை.

மாநகராட்சி செய்யக்கூடியது கடினமான காரியம் ஒன்றும் இல்லை. ஆண்டில் இத்தனை மாலைகள் நாடகத்துக்கு என்று ஒதுக்கி, அந்த நாள்களுக்குக் குறைந்த வாடகையை எழுத்தில் அறிவிக்கலாம். தரைத்தளத்தில் ஒரு கூடத்தை ஒத்திகைக்கு மணிக்கணக்கில் விடலாம். ஒரு குழுவை ஓராண்டுக்கு அங்கேயே தங்கி வேலை செய்ய அழைக்கலாம். சுகுண விலாச சபை முப்பது ஆண்டுக்கு மேல் செய்ததில் ஒரு துண்டு. விழாக்களிலிருந்தும் கருத்தரங்குகளிலிருந்தும் வருகிற வருமானத்தைத் தனிக் கணக்கில் போட்டு, சுண்ணாம்புப் பூச்சுக்கும் கூரைக்கும் வருஷா வருஷம் செலவிடலாம். 1886-ன் பத்திரத்தில் வாடகைத் தொகை தெளிவாக இருந்தது. பராமரிப்புப் பணம் எங்கிருந்து வரும் என்பதுதான் கடைசிவரை யாருக்கும் தெளிவாக இல்லை. அடுத்த பத்திரத்தில் அந்த வரி முதலில் வரட்டும்.